ஈயத் தோட்டாத் தடை வந்தால் .22 ரைஃபிள்காரர்கள் என்ன செய்வது?

கேள்வி இதுதான். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், இரண்டு வருடமாகக் கிளப் துப்பாக்கியில் சுட்டுப் பழகியவர், சொந்தமாக ஒரு .22 ரைஃபிள் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறார். "ஈயத் தோட்டாவை 2029-ல தடை பண்றாங்களாமே அண்ணே. இப்ப வாங்கினா அப்புறம் பரண்ல ஏத்த வேண்டியதுதானா? ஈயம் இல்லாத தோட்டா போட்டா அதே துப்பாக்கி ஒழுங்கா சுடுமா?"

வாங்குங்கள் தம்பி. சட்டத்தின் வாசகம் உங்கள் துப்பாக்கியைத் தொடவில்லை. அது தொடப்போவது உங்கள் கிளப்பில் இலக்குக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டை. மண்மேட்டில் செலவு வந்தால் அது சந்தாவாக உங்கள் சட்டைப்பைக்கு வந்து சேரும். இரண்டாவது கேள்விக்குப் பதில், சுடும். ஆனால் நீங்கள் ஆசைப்படும் மாதிரி சுடாது. இந்த இரண்டையும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் சட்டம். ஈயத் தோட்டாவால் வரும் கேட்டை ஆராயும்படி பிரிட்டன் அரசு 2021-ல் எச்.எஸ்.இ. என்கிற சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டது. 2022 மே மாதம் முதல் அறிக்கை, அதன்மேல் பொதுமக்கள் கருத்து, 2024 டிசம்பரில் இறுதிக் கருத்து, 2025 ஜூலை 10 அன்று அரசின் அறிவிப்பு என்று ஆமை வேகத்தில் வந்தது. ஷாட்கன்னில் போடும் ரவையில் 1 சதவீதத்துக்கு மேலும், ரைஃபிள் குண்டில் 3 சதவீதத்துக்கு மேலும் ஈயம் இருக்கக் கூடாது என்பது சாரம். மாறிக்கொள்ள மூன்று வருட அவகாசம், 2029 முதல் அமல். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் இது பொருந்தும். வட அயர்லாந்து மட்டும் ஐரோப்பிய ரசாயனச் சட்டத்தின் கீழே நிற்கிறது.

தலைப்புச் செய்தி இதோடு முடிந்துவிடும். நமக்கு வேண்டியது அடுத்த வரி. ரைஃபிள் குண்டுக்கான தடை, 6.17 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள குண்டை வைத்து வேட்டையாடுவதற்குத்தான். அதைவிடச் சிறிய குண்டுகளுக்கும் ஏர் ரைஃபிள் பெல்லட்டுக்கும் விலக்கு. இந்த 6.17 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஆச்சரியம் இல்லை: அங்குலக் கணக்கில் அது .243. இங்கே மான் சுடுகிறவர்கள் கையில் அதிகம் காணப்படும் சிறிய துப்பாக்கி அந்த அளவு. மான் கறி மனிதன் சாப்பிடுவது. குடலையும் கழிவையும் காட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள், அதைக் கழுகும் காக்கையும் தின்னும். கோட்டை அந்த இடத்தில் கிழித்திருக்கிறார்கள். உங்கள் .22 குண்டின் விட்டம் சுமார் 5.6 மில்லிமீட்டர். கோட்டுக்கு இந்தப் பக்கம்.

சட்டமே தேவையா என்று கிளப்பில் புலம்புகிறவர்களைக் கேட்டிருப்பீர்கள். அவர்களிடம் ஒரு பழைய கதையை நினைவுபடுத்துங்கள். 2020 பிப்ரவரியில் இங்குள்ள ஒன்பது வேட்டை, கிராமப்புற அமைப்புகள் சேர்ந்து, ஐந்து வருடத்துக்குள் ஷாட்கன் வேட்டையில் ஈய ரவையைத் தாங்களாகவே விட்டுவிடுவதாக அறிவித்தன. கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் வருடந்தோறும் கடையில் விற்கும் ஃபெசன்ட் பறவைகளை வாங்கி, உள்ளே இருக்கும் ரவையைச் சோதித்துக்கொண்டே வந்தார்கள். ஐந்தாவது வருடமும் 99 சதவீதம் ஈயம்தான். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதவன் வீட்டுக்கு ஜப்தி வருவது போலச் சட்டம் வந்தது. இரையை அரைக்கப் பொடிக்கல் பொறுக்கும் வாத்தும் கௌதாரியும் தரையில் கிடக்கும் ரவையையும் கல் என்று நினைத்து விழுங்கும் என்பதும், ஈயம் அதன் இரைப்பையில் கரைந்து கொல்லும் என்பதும் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த சங்கதி. அமெரிக்கா நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை 1991-லேயே நாடு முழுக்க நிறுத்திவிட்டது. டென்மார்க் ரவையை 1996-ல் ஒழித்து, 2024 ஏப்ரலில் ரைஃபிள் வேட்டைக்கும் தடையை நீட்டியது.

அப்படியானால் .22-ஐ மட்டும் ஏன் விட்டார்கள்? கருணையால் விடவில்லை. தகுந்த மாற்று இல்லை என்பதால் விட்டார்கள். ஏன் இல்லை என்பது நம் வீட்டு அடுக்களையிலிருந்து புரிந்துகொள்ளக் கூடிய விஷயம்.

நாம் எல்லாவற்றையும் ஈயம் என்றுதான் சொல்லுவோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் ஈயம், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் ஈயம். அது வெள்ளீயம்; இங்கிலீஷில் டின். தோட்டாவில் இருப்பது காரீயம். ஒன்றில் ரசம் கொதிக்க வைக்கலாம், மற்றதில் வைத்தால் நஞ்சு. அதனால்தான் ஈயம் இல்லாத .22 குண்டு செய்யப் புறப்பட்டவர்கள் முதலில் கை வைத்த உலோகங்களில் வெள்ளீயமும் ஒன்று. நஞ்சில்லை, மிருது, அச்சில் எளிதாகப் படியும். இதுவரை சரி. எடையில்தான் இடிக்கிறது.

ஒரு கன சென்டிமீட்டர் காரீயம் 11.3 கிராம். அதே அளவு வெள்ளீயம் 7.3, துத்தநாகம் 7.1, தாமிரம் 9 கிராம். சாதாரண .22 குண்டு 40 கிரெய்ன், அதாவது 2.6 கிராம். அதே உருவத்தை வெள்ளீயத்தில் வார்த்தால் ஏறக்குறைய 26 கிரெய்ன், துத்தநாகத்தில் 25 கிரெய்ன். கடையில் போய்ப் பாருங்கள், வின்செஸ்டர் விற்கும் வெள்ளீயத் தோட்டாவில் 26 கிரெய்ன் என்றும், நார்மாவின் துத்தநாகத் தோட்டாவில் 24 கிரெய்ன் என்றும் அச்சடித்திருக்கும். அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தது கம்பெனி இல்லை, உலோகத்தின் அடர்த்தி.

எடை குறைந்தால் என்ன, குண்டை நீளமாக்கி எடையைக் கூட்டிக்கொள்ளலாமே என்று தோன்றும். பெரிய ரைஃபிளில் அப்படித்தான் செய்கிறார்கள். முழுத் தாமிரக் குண்டு மான் வேட்டைக்குப் பிரமாதமாகவே வேலை செய்கிறது. .22-ல் அது நடக்காததற்குக் குழல் காரணம். குழலின் உள்ளே ஓடும் சுழல்வரி, குண்டைப் பம்பரம் போலச் சுழற்றி அனுப்புகிறது. .22 குழல்களில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது நூறு வருடப் பழக்கம். நீளமான குண்டுக்கு இன்னும் வேகமான சுற்று வேண்டும். 16 அங்குலச் சுற்றில் நீளக் குண்டைப் போட்டால், கயிறு சரியாகச் சுற்றாத பம்பரம் தள்ளாடுகிற மாதிரி தள்ளாடும். உலகத்தில் இருக்கும் .22 துப்பாக்கிகள் எல்லாவற்றின் குழலையும் மாற்றச் சொல்ல யாருக்கும் துணிவு கிடையாது.

இன்னொரு சிக்கல், அந்தத் தோட்டாவின் அமைப்பே. .22 என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் வடிவம். குண்டின் வாலைக் கொஞ்சம் மெலிதாக்கி பித்தளைக் கூட்டுக்குள் செருகி, உடம்பு கூட்டின் அகலத்துக்கே வெளியே நிற்கும்படி விட்டிருப்பார்கள். பின்னாலிருந்து மருந்து வெடிக்கும்போது மிருதுவான காரீயம் நசுங்கிப் பருத்து, சுழல்வரியை முழுக்க நிரப்பி அடைத்துக்கொள்ளும். இந்த அடைப்புதான் துல்லியத்தின் ரகசியம். இதற்கு அழுத்தமும் பெரிதாக வேண்டாம்; .22-ன் உச்ச அழுத்தம் .223 போன்ற ராணுவ வகைத் தோட்டாவின் அழுத்தத்தில் பாதிகூட இல்லை. இவ்வளவு மென்மையான தள்ளலுக்குத் தாமிரமோ துத்தநாகமோ பருக்காது. காரீயத்துக்காகவே பிறந்த துப்பாக்கி இது.

வேறு உலோகங்கள்? பிஸ்மத் அடர்த்தியில் கிட்டே வருகிறது, 9.8, ஆனால் நொறுங்கும். டங்ஸ்டன் காரீயத்தைவிடக் கனம். தூளாக்கி வேறு எதிலாவது கலந்து வார்க்கலாம், ஆனால் 50 தோட்டா வாங்கக் கல்யாண நகை விற்க வேண்டியிருக்கும்.

ஆகவே கம்பெனிகள் வேறு வழியில் போயின: குண்டு இலேசாகவே இருக்கட்டும், வேகத்தைக் கூட்டிவிடுவோம். சி.சி.ஐ. நிறுவனம் தாமிரத் தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து அழுத்திய 21 கிரெய்ன் குண்டை விற்கிறது. அது நொடிக்கு 560 மீட்டருக்கு மேல் புறப்படும். நாம் போட்டியில் சுடும் தோட்டா 325, 330 மீட்டர்தான், அதுவும் வேண்டுமென்றே. ஒலியின் வேகம் 340. ஒலியைவிட வேகமாகக் கிளம்பிய குண்டு, வழியில் வேகம் இழந்து ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கீழே இறங்கும் இடத்தில் ஒரு குலுங்கு குலுங்கும். நல்ல போட்டித் தோட்டா அந்தத் தொல்லையே இல்லாமல் முதலிலிருந்தே ஒலிக்குக் கீழே ஓடுகிறது. இலேசான குண்டோ வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், காற்று அடித்தால் அதிகம் ஒதுங்கும்.

நான் ஒருமுறை ஈயமில்லாத தோட்டா இரண்டு வகை வாங்கி வந்து, 50 மீட்டரில் மணல்மூட்டை மேல் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துச் சுட்டுப் பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒன்று மேரி பிஸ்கட் அளவுக்குச் சிதறியது, மற்றது அதைவிடக் கொஞ்சம் மேல். முயலுக்குப் பரவாயில்லை, நெருங்கிச் சுட்டால். ஆனால் 50 மீட்டர் ஒலிம்பிக் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அதே துப்பாக்கி, அதே குழல், வழக்கமான தோட்டா போட்டால் அந்தப் பொத்தானுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதியும் குண்டு ஈயத்தால் அல்லது அதுபோன்ற மிருதுவான பொருளால் ஆனதாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. கெட்டியான உலோகம் இலக்குக்குப் பின்னாலிருக்கும் இரும்புத் தகட்டில் பட்டுத் தெறித்துத் திரும்பும். காரீயம் அங்கேயே அப்பிக்கொள்ளும் அல்லது பொடியாகும். துல்லியம் ஒரு பக்கம் இருக்கட்டும், கண் முக்கியம்.

விலக்கு கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க கலிபோர்னியா இருக்கிறது. அங்கே காண்டர் என்ற பெருங்கழுகு 1982-ல் 22 மட்டுமே மிஞ்சியிருந்தது. பிடித்து வளர்த்து மறுபடி காட்டில் விட்டார்கள். விட்ட பறவைகள் வேட்டை மிச்சத்தில் கிடந்த ஈயத்துணுக்கைத் தின்று செத்துக்கொண்டே இருந்தன. 2008-ல் காண்டர் வாழும் பகுதியில் மட்டும் தடை. 2013-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ஏபி 711 என்ற சட்டத்தில் கையெழுத்திட்டார். 2019 ஜூலை 1 முதல் மாநிலம் முழுவதும் துப்பாக்கியால் எதை வேட்டையாடினாலும் ஈயம் கூடாது. .22-க்கும் விலக்கு இல்லை. வயலைத் தோண்டும் தரை அணிலைச் சுடப்போகும் விவசாயிகூட ஈயமில்லாத .22-தான் போட வேண்டும். அவர்கள் சமாளிக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. அதிக விலை கொடுக்கிறார்கள், கிட்டத்தில் போய்ச் சுடுகிறார்கள், சிலர் .17 எச்.எம்.ஆர். போன்ற வேறு தோட்டாவுக்கு மாறினார்கள். அதில் ஈயமில்லாத குண்டு நன்றாகவே பறக்கிறது, ஏனென்றால் அது தொடக்கத்திலிருந்தே வேகத்துக்கென்று செய்யப்பட்ட தோட்டா. அட்டை இலக்கில் சுடுகிறவர்களை அந்தச் சட்டமும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் முயல் சுடவும் நினைத்தால், இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை. பிரிட்டனில் .22-ல் முயல் சுடுகிறவர்கள் சைலன்சர் மாட்டி, ஒலியைவிட மெதுவான தோட்டாவைப் போட்டு, அக்கம்பக்கம் எழாமல் சுடுவார்கள். ஈயமில்லாத இலேசுத் தோட்டா பெரும்பாலும் ஒலியைத் தாண்டிப் போவது. சைலன்சர் இருந்தாலும் சாட்டை சொடுக்கும் சத்தம் வரும். .17-க்கு மாற நினைத்தால் உங்கள் ஃபயர்ஆர்ம் சர்டிஃபிகேட்டில் அந்த அளவைப் புதிதாகச் சேர்க்கப் போலீஸில் விண்ணப்பிக்க வேண்டும். இன்றைக்கு மாற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் சுட்ட முயலை ஈயக் குண்டோடு வேலியோரம் போட்டுவிட்டு வராதீர்கள். பருந்து தின்னும். விலக்கு நிலைக்குமா நிலைக்காதா என்பதை முடிவு செய்வது இந்த மாதிரி நடத்தைதான்.

இப்போது மண்மேட்டுக்கு வருவோம். என் பார்வையில் உங்கள் கேள்வியின் உண்மையான பதில் இங்கேதான் இருக்கிறது.

ஒரு கணக்கு போடுங்கள். ஒரு தோட்டாவில் 2.6 கிராம் ஈயம். வருடத்துக்கு 5,000 சுடுகிறவர், அது ஒழுங்காகப் பயிற்சி செய்கிற ஒருவருக்குச் சாதாரணம், 13 கிலோ ஈயத்தை மண்ணுக்குள் அனுப்புகிறார். அப்படி 40 பேர் இருக்கும் கிளப் வருடத்துக்கு அரை டன். அந்தக் கிளப் ஐம்பது வருடமாக ஒரே மேட்டில் சுட்டு வந்தால்? ஐரோப்பிய ரசாயன நிறுவனம் போட்ட கணக்கில், வேட்டை, விளையாட்டு, மீன்பிடி மூன்றும் சேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் வருடத்துக்கு 44,000 டன் ஈயம் வெளியே சிதறுகிறது. அதில் பாதிக்கு மேல் விளையாட்டுச் சுடுதலிலிருந்து வருகிறது. ஷாட்கன் பங்கு அதில் பெரிது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "நாங்கள் சின்னத் தோட்டாக்காரர்கள், எங்களால் என்ன கேடு" என்று சொல்ல நமக்கு வாயில்லை.

ஷாட்கன்காரருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. அவர் ரவை வயல் முழுக்கத் தெறிக்கும். நம் குண்டு ஒரே இடத்தில் போய் விழும். பொறுக்கி எடுக்க முடியும். அதனால்தான் இலக்குச் சுடுதலுக்குப் பிரிட்டன், ஐரோப்பா இரண்டின் வரைவுகளும் ஒரே பேரத்தை வைக்கின்றன: ஈயத்தைத் தடுத்து, திரும்ப எடுக்க ஏற்பாடு செய், அப்படியானால் சுடு. ஐரோப்பிய நிறுவனத்தின் பரிந்துரை இதில் கறார். 90 சதவீதத்துக்கு மேல் மீட்க வேண்டும், மணல்மேட்டுக்கு மேலே கூரை, அடியில் நீர் புகாத விரிப்பு, மழைநீர் மண்ணுக்குள் இறங்காத வடிகால், அந்த வளாகத்துக்குள் விவசாயமோ மேய்ச்சலோ கூடாது. பிரிட்டனிலும் திறந்தவெளி ரேஞ்சுகள் தகுந்த ஈயப் பராமரிப்பைக் காட்டினால்தான் விலக்கு.

பெரிய ரேஞ்சுக்கு இது ஒன்றுமில்லை. சர்ரேயில் பிஸ்லி மாதிரியான இடம் சமாளித்துக்கொள்ளும். ஊருக்கு வெளியே விவசாயி ஒருவரின் வயலோரத்தில், மலிவு வாடகைக்கு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் சுடும் முப்பது பேர் கிளப்பை நினைத்துப் பாருங்கள். கூரையும் விரிப்பும் போடச் செலவு ஒரு பக்கம். மேட்டுக்குப் பக்கத்தில் ஆடு மேய்க்கக் கூடாது என்று நிலச்சொந்தக்காரரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் ஆட்டை விடுவாரா, கிளப்பை விடுவாரா? நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் இது. துப்பாக்கி பரணில் ஏறாது. சுட இடம் இல்லாமல் அலமாரியில் தூங்க வாய்ப்புண்டு.

எங்கள் கிளப்பில் மேட்டைத் தோண்டிச் சலித்த அனுபவம் எனக்கு உண்டு. நாலு பேர், இரண்டு சனிக்கிழமை, சல்லடை, கையுறை, முகமூடி. முதல் சாக்கை முக்கால்வாசி நிரப்பிவிட்டுத் தூக்கப் போனோம். சாக்கு அசையவில்லை, என் இடுப்புதான் அசைந்தது. அதன்பிறகு வாளியில் கால்வாசி மட்டுமே போட்டோம். பழைய உலோகக் கடைக்காரர் எடை போட்டுக் காசு கொடுத்தபோது, சின்ன வயதில் தெருவில் கேட்ட "பழைய ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" குரல் காதில் கேட்டது. வந்த பணம் புது மணலுக்குச் சரியாகப் போயிற்று. மீட்பது கட்டுப்படியாகும் என்று சொல்ல வருகிறேன். ஆனால் உழைப்புக்கு ஆள் வேண்டும், அந்த வேலைக்குக் கை தூக்குகிறவர் எண்ணிக்கை எந்தக் கிளப்பிலும் நாலைத் தாண்டாது.

25 கெஜம் உள்ளரங்கு ரேஞ்சுகளுக்கு மேடு, மழைத் தொல்லை கிடையாது. இந்த நாட்டின் .22 விளையாட்டே அப்படிப்பட்ட கொட்டகைகளில் வளர்ந்ததுதான். தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தத்தில் பட்ட அடிக்குப் பிறகு, சாதாரண ஜனமும் குறிபார்த்துச் சுடக் கற்க வேண்டும் என்று 1901-ல் உழைப்பாளர் ரைஃபிள் கிளப்புகளுக்கான சங்கம் ஒன்று தொடங்கினார்கள். இன்றைய தேசியச் சிறுகுழல் ரைஃபிள் சங்கத்தின் வேர் அது. ஏழைக்கும் எட்டும் விலையில் இருந்தது .22. காரீயம் மலிவு, சுலபமாக உருகும், வார்க்கலாம். வெள்ளீயத்தின் சந்தை விலை அதைப்போல் பல மடங்கு. ஈயத்தை எடுத்துவிட்டால் அந்த மலிவும் சேர்ந்து போகும்.

உள்ளரங்கில் வேறு ஒரு விஷயம் இருக்கிறது, தோட்டாத் தடை பேசுகிறவர்கள் பலர் அதைத் தவற விடுகிறார்கள். நீங்கள் மூச்சில் இழுக்கும் ஈயத்தில் நல்ல பங்கு குண்டிலிருந்து வருவதில்லை. தோட்டாவின் விளிம்புக்குள் தடவியிருக்கும் தீப்பற்று மருந்திலிருந்து வருகிறது. அதில் ஈயம் சேர்ந்த லெட் ஸ்டிஃப்னேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. துப்பாக்கியின் அடியூசி விளிம்பைத் தட்டும்போது அது வெடித்துப் புகையாகும். குண்டை மாற்றி மருந்தை மாற்றாவிட்டால் புகையில் ஈயம் அப்படியே இருக்கும். ரேஞ்சில் காற்றோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். சுடுகிறவர் முதுகிலிருந்து இலக்கை நோக்கிப் போக வேண்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்கும் கிளப்பாக இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். கை கழுவாமல் சாண்ட்விச் எடுக்காதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் ரேஞ்ச் ஜாக்கெட்டை வரவேற்பறைச் சோபாவில் போடாதீர்கள்.

அடுத்து ஐரோப்பாவின் நிழல். நாம் போட்டியில் சுடும் தோட்டா பெரும்பாலும் மூன்று ஊர்களிலிருந்து வருகிறது: பர்மிங்காம் பக்கம் ஈலே, ஜெர்மனியில் ஷோனபெக்கில் லாப்புவா, ஃபூர்ட்டில் ஆர்.டபிள்யூ.எஸ். இரண்டு ஊர் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள். அங்கே ஈர நிலத்தில் ஈய ரவைக்கு 2023 பிப்ரவரியிலேயே தடை வந்துவிட்டது. மற்றவற்றுக்கான வரைவை ஐரோப்பிய ஆணையம் 2025 பிப்ரவரியில் முன்வைத்தது. ஐரோப்பிய ரசாயன நிறுவனத்தின் ஆரம்பப் பரிந்துரையிலேயே பெரிய குண்டுக்கு 18 மாதம், சிறிய குண்டுக்கும் ரிம்ஃபயருக்கும் (நம் .22 போல விளிம்பில் தட்டி வெடிக்கும் தோட்டா) ஐந்து வருடம் என்று வேறுபாடு இருந்தது. ஒரு வேடிக்கை பாருங்கள்: அவர்கள் கோடு 5.6 மில்லிமீட்டரில், பிரிட்டன் கோடு 6.17-ல். நரி சுடும் .223 ரைஃபிள் ஆங்கிலக் கால்வாயின் இந்தக் கரையில் சின்னத் துப்பாக்கி, அந்தக் கரையில் பெரிய துப்பாக்கி. துப்பாக்கி அதேதான்.

பிரிட்டன் விலக்கு கொடுத்தாலும், ஐரோப்பியச் சந்தை சுருங்கினால் ஆலைகள் என்ன செய்யும் என்பது விலையில் தெரியும். கொள்முதல் குறைந்த வகைகளை நிறுத்துவார்கள், மலிவுப் பயிற்சித் தோட்டாதான் முதலில் போகும் என்பது என் ஊகம். இந்தியாவில் சுடுகிறவர்களுக்கும் இதில் அக்கறை உண்டு. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியது 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில், இதே .22 தோட்டாவில். இந்தியாவில் வேட்டையை 1972 வனவிலங்குச் சட்டம் முடித்து வைத்துவிட்டதால் காண்டர், கௌதாரிப் பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆனால் உயர்தரப் போட்டித் தோட்டா இறக்குமதிதான். ஜெர்மனியில் தும்மினால் கோயம்புத்தூர் ரேஞ்சில் சளி பிடிக்கும்.

ஏர் ரைஃபிள்காரர்கள் நிலைமை கொஞ்சம் தேவலை. இளவேனில் வாலறிவன் மாதிரியானவர்கள் சுடும் 10 மீட்டர் போட்டியில் காற்றுமில்லை, தூரமுமில்லை. வெள்ளீய பெல்லட் அங்கே .22-ஐவிட நன்றாகச் சமாளிக்கிறது. ஒருநாள் முழுத் தடை வந்தால் முதலில் மாறக் கூடியவர்கள் அவர்கள்தான்.

கடையில் ஏமாறாமல் இருக்க ஒன்று. தாமிர நிறத்தில் மினுங்கும் .22 குண்டைப் பார்த்து ஈயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது மேலே பூசிய மெல்லிய முலாம். உள்ளே முழுக்கக் காரீயம். பெட்டியில் ஈயமற்றது என்று எழுதியிருந்தால் மட்டும் அது ஈயமற்றது.

இனி நீங்கள் வாங்கப்போகும் துப்பாக்கி. ஈயமில்லாத தோட்டாவுக்கு ஏற்றது என்று சொல்லி வேகமான சுற்றுள்ள குழலை யாராவது விற்க வந்தால் இப்போது வேண்டாம். அதற்கு ஏற்ற போட்டித் தோட்டா இன்னும் சந்தையில் இல்லை. பழைய ஆன்ஷூட்ஸ் (ஜெர்மன் போட்டி ரைஃபிள்) ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், 16 அங்குலச் சுற்றே போதும். பணம் கொடுப்பதற்கு முன் கிளப் செயலாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: மேட்டை கடைசியாக எப்போது சலித்தீர்கள், நிலக் குத்தகை எந்த வருடம் முடிகிறது, கூரை போட நிதி சேர்க்கிறீர்களா. மூன்றுக்கும் அவர் தலையைச் சொறிந்தால் வேறு கிளப் பாருங்கள்.

துப்பாக்கி வந்த பிறகு, தோட்டாக் கம்பெனிகளின் சோதனை மையத்துக்கு ஒருநாள் எடுத்துப் போங்கள். குழலைக் கவ்வியில் பூட்டி, வெவ்வேறு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) எண்ணுள்ள தோட்டாக்களைச் சுட்டு, உங்கள் குழலுக்கு எது பிடிக்கிறது என்று காட்டுவார்கள். பிடித்த லாட்டை இரண்டு வருடத்துக்குத் தேவையான அளவு வாங்கி வைக்க ஆசை வரும். வாங்குங்கள், ஆனால் சர்டிஃபிகேட்டில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறதோ அந்த எண்ணிக்கைக்குள். போதாது என்றால் கூட்டித் தரச் சொல்லி முதலிலேயே விண்ணப்பித்துவிடுங்கள், போலீஸ் அலுவலகத்தில் அதற்கு மாதக்கணக்கில் ஆகும்.